சிறந்த கார்ட் யார் என்று முடிவான நாள்

எழுபதுகளில் திருகோணமலையில் எங்கள் கூடைப்பந்துப் பருவம் முடிந்ததும், சிறந்த கார்ட் யார் என்று தீர்மானிக்க அணித் தலைவர்கள் கூடுவார்கள். கார்ட் என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே போய் ஆட்டத்தை நடத்துபவன். அந்த வருடம் இரண்டு பேரின் பெயர் அடிபட்டது. ஒன்று என்னுடையது. மற்றவன் கிண்ணியாவிலிருந்து படகேறி வந்து ஆடியவன்.

தலைவர்கள் மைதானத்தையொட்டிய வகுப்பறையில் இருந்தார்கள். நாங்கள் இருவரும் வெளியே யன்னலுக்குக் கீழே, ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கதைப்பது அத்தனையும் கேட்டது.

"ஆகக் கூடின கூடை போட்டது எங்கட பொடியன்தானே?" என்றார் எங்கள் அணித் தலைவர்.

"போட்டவன் அவன். மற்றவங்களைப் போட வைச்சவன் கிண்ணியாப் பொடியன். கார்ட்டுக்கு அதுதானே வேலை? உங்கட ஆளுக்குப் பந்து கிடைச்சா, பிறகு ஒருத்தருக்கும் கிடையாது."

உள்ளே சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் இருந்தவன் தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

அப்போதுதான் அப்பாவின் சைக்கிள் வந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கிவிட்டு, கையில் கிறீஸ் கறையோடு நேரே வந்திருந்தார். என்னைப் பார்க்காமலே வகுப்பறைக்குள் போய்விட்டார்.

"தம்பிமார், குறை நினைக்கப்படாது. நான் அவன்ர தகப்பன். உங்களுக்குத் தெரியாது, தோத்த அண்டைக்கு அவன் சோறும் தின்னேல்ல. தலகணிக்குள்ள முகத்தை வைச்சுக்கொண்டு அழுதவன். தாய்தான் தடவித் தடவி நித்திரையாக்கினது..."

யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். அப்பா அதை ஆதரவென்று எடுத்துக்கொண்டார் போலும், குரல் இன்னும் உயர்ந்தது. எனக்கு இருபது வயது. நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது.

பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். பந்தை எடுத்து, யன்னலுக்குக் கீழேயே சீமெந்துத் தரையில் ஓங்கி ஓங்கி அடிக்கத் தொடங்கினான். டம், டம் என்று அந்தச் சத்தத்தில் அப்பாவின் வார்த்தைகள் அமுங்கிப்போயின. உள்ளேயிருந்து "சத்தம் போடாதை!" என்று கத்தினார்கள். அவன் கேளாதவன் போல் அடித்துக்கொண்டேயிருந்தான். என் பக்கம் ஒருதரமும் திரும்பவில்லை.

விருது அவனுக்கே என்று முடிவானது. சரியான முடிவு.

பரிசளிப்பு நாளில், அப்பாவிடம் வரவேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் போய் உட்கார்ந்தார். நான் பின்னால், தண்ணீர்க் குழாயடியில், கூட்டத்துக்குள் மறைந்துகொண்டேன். அவன் பெயரைக் கூப்பிட்டதும் முதலில் கைதட்டியது அப்பாதான்.

அவன் கோப்பையோடு இறங்கி, தேடிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மச்சான், உங்கட வாப்பா வந்திருக்கிறாரா? எங்க?"

விரலால் காட்டினேன். அவன் நேரே போய்க் கோப்பையை அப்பாவின் கையில் கொடுத்தான். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலையை உயர்த்திக் கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். கூட்டத்தில் எனக்கு அருகே நின்ற ஒருவன், "ஆரடா அந்த மனிசன்?" என்று கேட்டான்.

"என்ர அப்பா" என்றேன்.