அடுப்பில் காய்ச்சிய மேளம்

என்னுடைய மருமகன் பாரிஸ் நகரில் லூயி-பிளாங் தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார். உள்ளே போனவுடன் கண்ணில் படுவது தொலைபேசி அல்ல, சுவரில் மாட்டியிருக்கும் பெரிய தொலைக்காட்சிதான். கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை அதில் பாட்டும் ஆட்டமும். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் கரிபியன் தீவுக்காரரின் பிள்ளைகள் என்று பேத்தி எனக்குச் சொல்லித் தந்தாள். உலகம் முழுக்க அவர்களுக்குப் பேராம். ஒருத்தி துணிக்குப் பஞ்சம் வந்த மாதிரி நிற்பாள். ஒருவன் தலைமுடியைக் கயிறாகத் திரித்து விட்டிருப்பான். மருமகன் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பாரிசுக்கு வந்த புதிதில் அவர் கோப்பை கழுவிய உணவகத்தில் மார்த்தினிக் தீவுச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். அந்தப் பாட்டுகளைப் பழக்கியவர் அவர்தான்.

பேத்தியின் சாமத்தியவீட்டில் அவளைப் பல்லக்கில் தூக்கி மண்டபத்துக்குள் கொண்டு வந்தார்கள். நாதஸ்வரம் இரண்டு நிமிடம் ஊதி ஓய்ந்தது. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு தீவுப் பாடகி. சனமெல்லாம் எழும்பி ஆடியது. அந்தப் பாட்டில் அவள் என்ன சொல்கிறாள் என்று பின்னர் பேத்தியிடம் கேட்டேன். சொன்னாள். வயதுக்கு வந்த பிள்ளைக்குப் பொருத்தமான பாட்டுத்தான் என்று நான் சொல்ல, மகள் என்னை முறைத்தாள்.

அந்தப் பேத்திக்கு இப்போது இருபத்தெட்டு வயது. போன வருடம் ஒருநாள் என் கட்டிலில் வந்து இருந்தாள்.

"அம்மம்மா, நான் ஒராளைக் கட்டப்போறன். உங்களுக்கு ஆளைத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்ச ஆம்பிளையள் எல்லாம் செத்துப் போச்சினமே."

"அப்பான்ரை ரிவியிலை வாறவர்."

குவாதலூப் தீவுக்காரன். மேளம் அடித்துப் பாடுகிறவன். யப்பானிலிருந்து பிரேசில்வரை மேடை ஏறுகிறான். எங்கள் கடைச் சுவரில் அவனை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து அடிப்பான்.

மருமகன் கேள்விப்பட்டுவிட்டு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "உவரை எனக்கு நேரிலை தெரியும்" என்று தொலைக்காட்சியைக் காட்டுவார். வீட்டுக்கு வந்தால், "கறுவலைக் கட்டினது எண்டு சனம் கதைக்கும்" என்று கோப்பையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். லண்டனில் இருக்கும் அவருடைய தமக்கை வேறு தினமும் தொலைபேசி எடுத்து அழுதாள்.

பேத்திக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. "அப்பா வந்து என்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கவேணும். எனக்கு அது மட்டும் காணும்" என்றாள்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் பெடியனை எனக்குக் காட்டினாள். நல்ல மரியாதை. எழும்பி நின்று கும்பிட்டான். பேத்தி இடையில் இருந்து மொழிபெயர்க்க, அவன் தன்னுடைய தாய்வழிக் கதையைச் சொன்னான். பூட்டன் காரைக்காலில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறதாம். அங்கே பாடுகிற பாட்டில் இரண்டு வரி தமிழும் வருமாம், அர்த்தம் தெரியாதாம். அந்தப் பூட்டனின் பெயரைத் தேடி எத்தனையோ பழைய பதிவுகளைப் புரட்டியிருக்கிறான்.

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

"உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ. பூட்டன் தமிழன் எண்டு அப்பாவிட்டைச் சொல்லச் சொல்லு. மனுசன் உருகிப்போவார். காட்டுறதுக்கு ஏதும் கிடக்கோ எண்டு கேள்."

ஒன்று இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்றான். என்ன என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு போத்தல் றம், அன்னாசிப்பழம், தோளில் ஒரு பை. மருமகன் போத்தலைக் கண்டதும் பாதி இளகினார். இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்தார்கள். சாப்பிடும்போது, எங்கள் கறியைப் போல ஒன்றைத் தங்கள் தீவில் கொலம்போ என்று சொல்வார்கள் என்றான். "கொழும்பிலை எங்களுக்கு அடிதான் கிடைச்சது, உங்களுக்குக் கறி கிடைச்சிருக்கு" என்று மருமகன் சொல்லிச் சிரித்தார். பேத்தி அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு பூட்டன் கதை வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. மருமகன் எழும்பிப் போய் அவனைக் கட்டிப்பிடித்தார்.

"அட, எங்கடை ஆளெல்லோ நீ."

பேத்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு கெட்டிக்காரியாக இருந்ததில்லை.

அப்போதுதான் அவன் பையைத் திறந்தான். உள்ளே வட்டமான மரச்சட்டம், ஒரு பக்கம் தோல், இரண்டு குச்சிகள். பூட்டன் அடித்த மேளம், சட்டம் அவருடையது, தோல் மட்டும் புதிது என்று பேத்தி சொன்னாள். தப்பு என்றுதான் தீவிலும் சொல்கிறார்கள். அடிப்பதற்கு முன் தோலைச் சூடு காட்ட வேண்டுமாம். அனுமதி கேட்டுக் குசினிக்குள் போனான். சோற்றுப் பானை இறக்கிய அடுப்பை மூட்டி, மேளத்தை அதன்மேல் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினான். தோல் வெந்த மணம் வீடெல்லாம் பரவியது.

மருமகனின் முகத்தை நான் பார்த்தேன். அவர் போய்ப் பானையை எடுத்துத் தூரத்தில் வைத்தார்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லக்கூடாது. மகள் மெல்ல எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினாள். மேல் வீட்டில் இருப்பதும் எங்கள் ஊர்க்காரர்.

அவர்கள் போனபின் மருமகன் என் முன்னால் வந்து நின்றார்.

"மாமி, உது என்ன மேளம் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சுகொண்டோ கூப்பிட்டனியள்?"

"உங்கடை கடையிலை இத்தினை வருஷமா அவர் அடிக்கிறதும் மேளம்தானே."

"அது அவங்கடை மேளம் மாமி. இது எங்கடை." குசினிப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "கறுவலா இருந்திருந்தால் நான் சமாளிச்சிருப்பன். பிரெஞ்சுக்காரன், பெரிய பாட்டுக்காரன் எண்டு அக்காவுக்குச் சொல்லியிருப்பன். இனி எந்த ஊர், ஆரின்ரை ஆக்கள் எண்டெல்லோ கேப்பினம். செத்த வீட்டிலை பறைமேளம் அடிச்சவன்ரை பரம்பரை எண்டு சொல்லச் சொல்லுறியளோ?"

அன்றே குசினியைக் கழுவினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தது என் மகள். அவள் இங்கே மழலையர் பள்ளியில் வேலை செய்கிறவள், எல்லா நிறத்துப் பிள்ளைகளுக்கும் மூக்குத் துடைத்து விடுகிறவள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். மற்றவர்கள் மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நானே மறக்காதபோது அவர்கள் எப்படி மறப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பேத்தி வந்து கதவோடு நின்றாள். கட்டிலில் வந்து இருக்கவில்லை.

"அவருக்கு நான் என்னண்டு சொல்லுறது அம்மம்மா? பிரெஞ்சிலை இதுக்குச் சொல் இல்லை."

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லை எண்டு சொல்லு."

"நீங்கள்தானே எல்லாத்தையும் சொல்லச் சொன்னது" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைப் பிரெஞ்சில் பேசிவிட்டுப் போனாள். எனக்கு விளங்கவில்லை. விளங்காததும் நல்லது.

அவள் அவனுக்கு உண்மையைச் சொல்லிவிட்டாள். முதலில் சிரித்தானாம், கிழவியின் பகிடி என்று நினைத்து. பிறகு மேளத்தை எடுத்துப் பைக்குள் வைத்தானாம். பூட்டனைப் பற்றி எந்தப் பதிவிலும் கிடைக்காததை, நாங்கள் ஒரு மத்தியானச் சாப்பாட்டோடு கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை அதைக் கடலில் கழுவி மறந்திருந்தது.

கலியாணம் நகரசபை மண்டபத்தில் பதிவு எழுத்தோடு முடிந்தது. மருமகன் வரவில்லை. மகளும் வரவில்லை. நான் முழங்கால் நோவைச் சாட்டாகச் சொல்லத்தான் இருந்தேன், வெட்கம் வந்து போனேன். கையைப் பிடித்துக் கொடுக்க யாருமில்லை. பேத்தி இரண்டு கையாலும் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து போனாள். என்னோடு அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மாப்பிள்ளையின் தாய் தீவிலிருந்து வந்திருந்தார். லா ஷப்பல் தமிழ்க் கடையில் வாங்கிய சேலை, கொசுவம் எல்லாம் பின்பக்கம். நான் ஒரு மூலைக்குக் கூட்டிப்போய்ச் சரிசெய்து விட்டேன். அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு நிறையக் கதைத்தார். பேத்தியைக் கூப்பிட்டேன்.

"என்ன சொல்லுறா?"

பேத்தி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்கள் தமிழாக்கள்தானே, தங்கடை ஊர் எதெண்டு கண்டுபிடிச்சுத் தருவியளோ எண்டு கேக்கிறா. ஒருக்காப் போய்ப் பாக்கவேணுமாம்."

லா ஷப்பலில் பாண்டிச்சேரி ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்தால், ஊரென்ன, தெருவென்ன, ஊருக்கு வெளியே எந்தப் பக்கம் குடியிருந்தார்கள் என்பதுவரை ஒரு கிழமையில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். எங்களுக்குக் கைவந்த வேலை அது.

"அந்த ஊர் இப்ப இல்லை எண்டு சொல்லு பிள்ளை. கடல் கொண்டு போட்டுதெண்டு சொல்லு."

பேத்தி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திரும்பி, மாமியாருக்குப் பிரெஞ்சில் அதை அப்படியே சொன்னாள்.