ஐந்தைப் பதினான்காக்கிய சனிக்கிழமை

விவாத வாக்கெடுப்பில் நான் வென்றுவிட்டேன் என்று ஆசிரியை அறிவித்ததும் வகுப்பே கை தட்டியது. எனக்கு ஒன்பது கைகள், எதிராக நான்கு. அந்த நான்கும் யாருடையவை என்று திரும்பிப் பார்த்தேன். நான்காவது எனக்கு நன்றாகத் தெரிந்த கை.

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு அருகே சனிக்கிழமை காலையில் நடக்கும் இலவச வரலாற்று வகுப்பு அது. முப்பது வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்று ஓய்வு பெற்றவனுக்கு வாயடிக்க ஓர் இடம் வேண்டாமா? போய்ச் சேர்ந்தேன். அமெரிக்கா புதிதாகக் குடியரசான காலத்தைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அன்று தந்த தாளை இரண்டு முறை வாசித்தேன். அரசமைப்பை எழுதிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு சட்டம். குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு காத்திருந்தால் போதும் என்று இருந்ததைப் பதினான்காக்கிவிட்டார்கள். பிரான்ஸ் அவர்களுடைய கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது, போர் வரப்போகிறது என்ற பயம். பிரான்சிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்கள் எதிரியின் ஆட்கள் என்ற சந்தேகம் வேறு. அவர்கள் குடியுரிமை பெற்றால் எதிர்க்கட்சிக்குத்தான் வாக்குப் போடுவார்கள் என்ற கணக்கும் இருந்தது. ஆபத்தானவர் என்று ஜனாதிபதி நினைத்தால் எந்த வெளிநாட்டவரையும் விசாரணை இல்லாமலே வெளியேற்றலாம் என்று பக்கத்திலேயே இன்னொரு சட்டம். கப்பலேறி வந்து குடியேறிய சனமா இதைச் செய்தது? 

அந்த அதிர்ச்சி பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஆசிரியை வகுப்பை இரண்டாகப் பிரித்து, சட்டத்தை ஆதரித்துப் பேச என்னை எழுப்பிவிட்டார். பேசத் தொடங்கினால் நடிக்கவே தேவைப்படவில்லை. அப்டன் பார்க் தமிழ்க் கடைகளில் நான் மாதக்கணக்காக அளந்துகொண்டிருந்த கதைதான் எல்லாம். வந்தவுடனே உரிமை கேட்கலாமா, நாங்கள் பொறுத்திருக்கவில்லையா, அவர்களும் பொறுக்கட்டும். இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக்கலாமா என்று அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது, இணையத்தில் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்ற கட்டத்தை அழுத்தியவன் நான்.

நான் அகதியாக வந்து பதினொரு வருடம் காத்திருந்தவன். அம்மா செத்ததற்குப் போக முடியவில்லை. எனக்காக யார் அழுதார்கள்? அந்த எரிச்சலைத்தான் இத்தனை நாளும் நியாயம் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அந்த நான்காவது கை, பக்கவாதத்தில் விழுந்த என் மனைவியைக் கவனிக்க வரும் பெண்ணுடையது. தமிழ்நாட்டுக்காரி. பராமரிப்பு வேலை விசாவில் வந்து மூன்று வருடமாகிறது. வாரநாட்களில் காலை எட்டு மணிக்கு வந்து என் மனைவியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். ஆங்கிலம் பழகலாம் என்று சொல்லி அவளை அந்த வகுப்புக்குக் கூட்டிப் போனதே நான்தான்.

வகுப்பு கலையும் முன் ஆசிரியை ஒன்று சொன்னார். அந்தச் சட்டம் கீழ்ச்சபையில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறியதாம். இணையத்தில் நான் அழுத்திய கட்டம் நினைவுக்கு வந்தது.

பஸ் தரிப்பில் அவள் கேட்டாள். "அங்கிள், அந்தச் சட்டம் எத்தனை வருஷம் இருந்துச்சு?"

"நாலு வருஷத்தில திரும்ப ஐஞ்சாக்கிப் போட்டினம், பிள்ளை," என்றேன். ஆறுதல் சொல்வதாக எனக்கு நினைப்பு.

அவள் விரல்களில் எதையோ எண்ணிப் பார்த்தாள். பிறகு, "என் பையனுக்கு இப்போ பதிமூணு அங்கிள்," என்றாள். "அஞ்சு வருஷத்துல பேப்பர் வந்துடும், கூட்டிட்டு வந்துடலாம்னு அக்கா வீட்ல விட்டுட்டு வந்தேன். இன்னும் ரெண்டு வருஷம்தான்னு அவனும் நாள் எண்ணிட்டிருக்கான். பத்துன்னு ஆக்கிட்டா அவனுக்கு இருபது ஆயிடும். பதினெட்டு தாண்டிட்டா பிள்ளைன்னு கூட்டிட்டு வர முடியாதாம்."

மூன்று வருடமாக என் வீட்டுக்கு வந்து போகிறவள். அவளுக்கு ஒரு மகன் இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. நான் கேட்டதுமில்லை. பஸ் வந்தது, ஏறினோம். 

ஞாயிறு முழுக்க அந்த இணையப் பக்கத்தைத் துழாவினேன். அனுப்பிய பதிலை மாற்ற ஏலாது. கருத்துக் கேட்ட காலமும் முடிந்துவிட்டது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

திங்கள் காலை வழக்கம்போல எட்டு மணிக்கு வந்தாள். என் மனைவியை நாற்காலியில் இருத்தி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"சனிக்கிழமை நான் கதைச்சது சும்மா வகுப்புக்காக, பிள்ளை. மனசில வைச்சிருக்காதேங்கோ."

என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

"ஐயோ, அது தெரியாதா அங்கிள்?" அவள் சிரித்தாள். "உங்களை மாதிரி கஷ்டப்பட்டு வந்தவங்க நிஜமா அப்படி நினைப்பாங்களா?"

என் மனைவிக்குப் பேச்சு வராது. ஆனால் எல்லாம் விளங்கும். துவாயின் அடியிலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கட்டத்தை அழுத்திய அன்று அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள்.