தராசு வந்த நாளின் சமையல்

உணவும் மருத்துவமும் ஏழைகளைச் சென்றடைவதன் பொருளாதாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், தொண்ணூறுகளின் கடைசியில். கள ஆய்வுக்குச் சேவூரில் எங்கள் தெருவையே பேராசிரியரிடம் சொன்னேன். வீட்டுக்கு வீடு ஒரு நாள் சாப்பாட்டை எடைபோடுவோம். சத்துக் குறைந்த தெருவுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் வரும். தறியை விட்டு எழும்போதெல்லாம் அம்மாவுக்குத் தலை சுற்றும். அவளுக்காகத்தான் அந்த முகாமுக்கு ஆசைப்பட்டேன்.

எல்லாரும் வீட்டில் இருக்கட்டுமே என்று தேதியை முன்னாலேயே சொல்லிவைத்தேன். அதுதான் நான் செய்த பாவம்.

அன்று தெருவே மணத்தது. தினமும் வெறும் ரசச்சோற்றோடு சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் அம்மா சாம்பார், முட்டை, கீரைக்கூட்டு, பாயசம் என்று பரப்பியிருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்று பல்லைக் கடித்தேன்.

"காலேஜ்லருந்து வர்றவங்களுக்கு ரசத்தையா காட்டுவாங்க? ஜல்தியா போயி இலை அறுத்துகினு வாடா."

பேராசிரியர் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினார். "என் வீட்டைவிட உங்க தெருவுல நல்லா சாப்பிடறாங்கப்பா" என்று சிரித்தார். இது இன்றைக்கு மட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பக்கத்தில் பூரித்துப்போய் நின்றிருந்தாள். விழுங்கிவிட்டேன்.

முகாம் எங்கள் தெருவுக்கு வராமல் சேத்துப்பட்டுப் பக்கம் வேறொரு ஊருக்குப் போனது. எனக்கு முதல் வகுப்பு.

"நம்ம தெரு பாஸாடா?" என்று கேட்டாள் அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி.

"பாஸ்தாம்மா" என்றேன்.