ஓர் ஆளுக்கு ஒரு வீடு

எங்கள் ஊர் சர்ச்சுக்குப் பின்னால் ஆறு சின்ன வீடுகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. விக்டோரியா ராணி காலத்தில், ஆதரவில்லாத முதியவர்களுக்காக ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டியவை. தன் நாட்டு ஞாபகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் புகைபோக்கி வைத்துவிட்டார். சாலவாக்கம் வெயிலில் குளிர்காய யாருக்கு நெருப்பு வேண்டும்? மைனாக்கள்தான் அதில் குடியிருக்கின்றன.

வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. அப்படித்தான் அங்கிருந்தவர்கள் பழக்கம். மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா. ஆயுள் முழுக்க நாற்று நட்டவர், கணவர் போய்ப் பல வருடமாகிறது. நான்காவது வீட்டில் ஒரு பெரியவர், லாரி டிரைவராக இருந்தவர். மனைவி இல்லை, பிள்ளையும் இல்லை.

ஒருநாள் அந்த அம்மாவின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“எம்மா, நானும் பக்கத்து வூட்டு ஆளும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு கீறோம். நீ இன்னா சொல்ற?”

பிரஷர் எனக்குத்தான் ஏறியது. “இந்த வயசுலயாம்மா?”

“இந்த வயசுலதான் வேணும். தலை சுத்துனா செவுத்தத் தட்டறேன், அந்தாளு ஓடியாறாரு. ஊரு ஒரு மாதிரி பேசுது. கட்டிக்கினா பேச்சு நின்னுடும்ல?”

அந்த வீடுகள் சர்ச் கமிட்டியின் பொறுப்பு. இருவரும் கமிட்டியைப் பார்க்கப் போனபோது அந்த அம்மா என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். கமிட்டிப் பெரியவர் ஒருவர் யோசிக்கவே இல்லை. “தனியா இருக்கறவங்களுக்குன்னு கட்டின வீடு. கல்யாணம் ஆனா நீங்க தனி ஆள் கிடையாது. ரெண்டு பேருமே காலி பண்ணணும்.”

டிரைவர் பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப வுடுங்கய்யா, கல்யாணமே வேணாம்” என்று திரும்பினார்.

“நீ சும்மா இருய்யா” என்று அவரை அடக்கிவிட்டு அந்த அம்மா, கமிட்டியோடு உட்கார்ந்திருந்த சர்ச் போதகரைப் பார்த்தார். “ஐயா, இப்ப ரெண்டு பேரு ரெண்டு வூட்ல கீறோம். கட்டிக்கினா ஒரு வூடு போதும். இன்னொண்ணுல வேற யாராவது இருக்கலாமே. இதுல ஒங்களுக்கு இன்னா கஷ்டம்?”

போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமிட்டிக்கு வரவில்லை. பல வாரம் இழுத்தடித்துவிட்டுத்தான் சம்மதித்தார்கள்.

உத்திரமேரூரில் மாலை வாங்கியது நான்தான். ஜெபம் முடிந்து டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். காலியான வீட்டுக்கு, பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடந்த ஒரு வயதான பெண்மணி வந்து சேர்ந்தார்.

அந்த வாரம் முழுக்க என் மனம் நிலையாக இல்லை. நானும் கணவரை இழந்தவள். மகள் பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் பேசுவாள். மற்ற நாட்களில் வீட்டில் என் குரலை நானே கேட்பதில்லை. அதை ஒரு குறையென்று அதுவரை நான் எண்ணியதும் இல்லை.

அவர்கள் குடித்தனம் சண்டை இல்லாமல் நடக்கவில்லை. அவருக்கு ரேடியோ அலறினால்தான் தூக்கம் வரும். “பேஜார் புடிச்ச ஆளும்மா இது” என்று வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார் அந்த அம்மா.

போன மார்கழியில் ஒரு காலை, கஞ்சி குடிக்கும்போது பெரியவருக்கு வாய் கோணியது. அந்த அம்மா உடனே எனக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். உயிர் தப்பியது, வலது கை வரவில்லை.

போன வாரம் போயிருந்தபோது இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிந்தியதற்காக அந்த அம்மா திட்டினார். திட்டிக்கொண்டே அவர் மோவாயைத் துடைத்துவிட்டார். பட்டையை மடித்துப் பையில் வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.