எட்டு அடுக்குக் கருப்புத் துணி

பந்தய பைக் வளைவில் சரிந்து விழும்போது, தார் ரோட்டில் முதலில் உராய்வது எஞ்சினின் பக்கவாட்டு மூடி. அது ஓட்டையானால் எண்ணெய் கொட்டும். அந்த வண்டியின் பந்தயம் அத்தோடு முடிந்தது. பின்னால் வருகிறவனும் வழுக்குவான். அதற்காக அந்த மூடியின் மேல் இன்னொரு மூடி போடுவார்கள். கார்பன் ஃபைபர் துணியை எட்டு அடுக்காக அச்சில் பரப்பி, ரெசின் ஊற்றி, காற்றை உறிஞ்சி எடுத்துக் கெட்டியாக்கிய மூடி. கையில் வைத்துப் பார்த்தால் ஓர் அப்பளக் கட்டின் எடைதான் இருக்கும்.

பாலவனத்தம் சாலையில், தகரம் வேய்ந்த என் பட்டறையில் அந்த மூடிகளைச் செய்கிறவர் பானுப்பிரியா அக்கா. நான் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டான், பி.இ. முடித்தவன், எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. அக்கா பத்தாவதோடு தறியில் உட்கார்ந்தவர். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். துணி வெட்டுவதற்கு மட்டும் என்றுதான் அவரை வேலைக்குச் சேர்த்தேன்.

வந்த அன்றே என் மானம் போயிற்று. எஞ்சின் மூடி உருண்டையாகப் புடைத்திருக்கும். துணியை எப்படிப் பரப்பினாலும் அந்தப் புடைப்பில் சுருக்கம் விழுந்துகொண்டே இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எதுக்கு இதோட மல்லுக்கட்டுறீக? நேரா இழுத்தா நிக்கும். கோணலா இழுத்துப் பாருங்க, குடுக்கும்."

துணியைச் சாய்வாகத் திருப்பி, இரண்டு மூலையையும் பிடித்து மெல்ல இழுத்துவிட்டார். குளித்த முகத்தில் ஈரத்துண்டு படிவதுபோல அது அச்சுக்குள் படிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. இதையேதான் நான் மூன்றாம் வருடத்தில் படம் போட்டுப் படித்திருந்தேன், மார்க்கும் வாங்கியிருந்தேன். என் கைக்கு மட்டும் அது இறங்கியிருக்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பந்தயக் குழுவுக்கு மெக்கானிக்காக இருக்கும் பூமிநாதன் அண்ணன் காரியாபட்டிக்காரர். நம்ம பக்கத்துப் பையன் என்று எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை வாரேன். ஒரு செத்த எஞ்சின்ல மாட்டி ரோட்டுல இழுப்பேன். ஒரு சொட்டு எண்ணெ கசிஞ்சாலும் வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு முக்கியம் என்றால், அக்காவுக்கு அதைவிட முக்கியம். அவருடைய வீட்டுக்காரர் கார்த்தீஸ்வரனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை தயாராக இருந்தது.

"இந்த ஆர்டரு நின்னுச்சுன்னா இங்கயே இருப்போம். இல்லாட்டி ஒண்ணாந்தேதி மூட்டைய கட்டணும். எனக்கு இதை விட்டுட்டுப் போக மனசில்ல தம்பி" என்றார்.

ஆனால் மூடி சரியாக வரவில்லை. முடிந்த மூடியை ஐந்து ரூபாய்க் காசால் தட்டிப் பார்ப்போம். அடுக்குகள் நன்றாக ஒட்டியிருந்தால் 'டிங்' என்று கேட்கும். மற்ற இடமெல்லாம் கணீரென்று பேசிய வலதுபக்க மூடி, அடிவயிற்றில் மட்டும் 'தொப்' என்றது. அடுத்து செய்ததும் அப்படியே. மூன்றாவதும் அதே இடத்தில். பம்பைக் கழற்றிப் போட்டேன், குழாயை மாற்றினேன், ரெசினைச் சந்தேகப்பட்டேன். புதன்கிழமை ஆகிவிட்டது.

அக்கா ஒரு கத்தியை எடுத்துவந்து, கெட்டுப்போன மூடியை அந்த இடத்தில் நெம்பினார். வெங்காயத் தோல் மாதிரி மேல் அடுக்கு பெயர்ந்து வந்தது. உள்ளே கருப்புதான், வேறு எதுவும் தெரியவில்லை. வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். துணியில் மஞ்சள் ஏறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் தம்பி. நாந்தான் கெடுத்தேன்."

"என்னக்கா சொல்றீக?"

"புதுத்துணி ஓரத்துல மஞ்ச வைக்காம எங்க வீட்டுல கத்திரிய எடுக்க மாட்டோம். தெனமும் வெட்டுறதுக்கு முன்னாடி வச்சேன். காஞ்சு உதிரக் கூடாதுன்னு ரெண்டு சொட்டு நல்லெண்ணெயும் விட்டுக் கொழச்சேன்."

எண்ணெய் பட்ட இடத்தில் ரெசின் எப்படி ஒட்டும்? "சரிக்கா, ஆனா அது எப்பவும் அதே இடத்துக்கு எப்படிப் போச்சு?"

"விழுந்தா அடிபடுற இடமாச்சே. மஞ்ச வச்ச துண்டு அங்க இருக்கட்டும்னு பாத்துப் பாத்து வச்சேன்."

பட்டமளிப்பு விழாவுக்கு நான் போட்டுப்போன சட்டையின் காலரிலும் எங்கம்மா மஞ்சள் வைத்துத்தான் அனுப்பியது. யாரைத் திட்டுவது?

"நல்லா நாலு வார்த்த வைஞ்சிருங்க தம்பி, மனசு ஆறும்."

"வையறதுக்கு நேரமில்ல. எந்திரிங்கக்கா."

வியாழன் காலை சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினார். கத்திரியை எடுத்தவர் துணிக்கு மேலே பிடித்தபடி நின்றார். கை இறங்கவில்லை. "மேசைக் கால்ல வச்சுக்கங்க, அது ஒண்ணும் சொல்லாது" என்றேன். சிரித்துவிட்டார். மேசைக் காலில் மஞ்சளைத் தொட்டு வைத்துவிட்டு, மறுபடி கை கழுவி, உறை மாட்டிக்கொண்டு வெட்டத் தொடங்கினார். சாயங்காலம் காசால் தட்டினோம். அடிவயிறும் 'டிங்' என்றது. அக்கா நம்பாமல் இன்னும் பத்துத் தடவை தட்டினார்.

வெள்ளிக்கிழமை குட்டியானை லோடு வண்டியில் பூமிநாதன் அண்ணன் வந்து இறங்கினார். மூடியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது? எங்க வீட்டுச் சோத்துப்பானை மூடி இதவிடக் கனமா இருக்கும்."

"பானை மூடிய மாட்டிப் பந்தயம் ஓட்டியிருக்கீகளாண்ணே?" என்றார் அக்கா.

அண்ணன் ஸ்பானரை எடுத்தார்.

எஞ்சினில் எண்ணெய் நிரப்பி, மூடியை மாட்டி, இரும்புச் சட்டத்தில் வலதுபக்கம் சாய்த்து லோடு வண்டிக்குப் பின்னால் கட்டினார் அண்ணன். குமாரலிங்கபுரம் போகிற வழியில் ஆளில்லாத ரோட்டில் இருநூறு மீட்டர் இழுத்தது வண்டி. பல்லைக் கூசவைக்கும் சத்தம். கரும்புகை மாதிரி தூசி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா பின்னாலேயே ஓடினார்.

எஞ்சினைப் புரட்டிப்போட்டு, அடியில் வெள்ளைத் துணியால் துடைத்தார் அண்ணன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. தேய்ந்த இடத்தில், மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காகத் தெரிந்த விளிம்புகளைக் கட்டைவிரலால் தடவினார். "ஒந்து, எரடு" என்று கன்னடத்தில் வாய்க்குள் எண்ணினார்.

"அஞ்சு போச்சு. மூணு நிக்குது."

அண்ணன் மூடியைக் கழற்றி, தேய்ந்த இடத்தின் கனத்தை அளந்தார். மறுபடியும் அளந்தார். மூன்று அடுக்கின் கனம், பிசகில்லாமல். அளவுகோலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சற்று நேரம் அக்காவின் கையையே பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முப்பது செட்டு போடும்மா" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னார்.

அக்கா வேலிக்கருவை ஓரமாகப் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். கன்னடத்தில் படபடவென்று பேசினார். எனக்குப் புரிந்தது இரண்டே சொல். ஒன்று திருப்பூர். இன்னொன்று 'பேட'. வேண்டாம் என்று அர்த்தம்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர், "முப்பது செட்டுக்கு ஒரு கத்திரி பத்தாது தம்பி" என்றார்.