அண்ணனின் கட்டைவிரல்

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முயல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கூண்டு கழுவ வேண்டும், தீனி போட வேண்டும், அறுவைக்கு முன் மயிர் மழிக்க வேண்டும். முயலின் சிறுநீரகத்தில் புற்றுக்கட்டியை வளர்த்து, திரவ நைட்ரஜன் ஓடும் மெல்லிய குழாயை அதில் செருகி, கட்டியை உறையவைத்தே சாகடிக்க முடியுமா என்று கூடத்து டாக்டர் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் முனையைச் சுற்றி வெள்ளையாகப் பனி திரளும். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பழகித் தொலைத்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரித்துக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கட்டியோடு ஏற்கெனவே எடுத்தாயிற்று. மிஞ்சியதிலும் கட்டி வந்துவிட்டது. அதையும் எடுத்தால் ஆள் இல்லை. "மனுஷங்களுக்கு இது வர இன்னும் வருஷக்கணக்காகும்" என்று டாக்டர் அண்ணன் முகத்துக்கு நேராகவே சொன்னார். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாமி மேல்கூட இல்லாத நம்பிக்கை அவருக்கு இந்த முயல்கள் மேல் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் முயல்களுக்குக் கொத்தமல்லிக் கட்டோடு பஸ் ஏறி வந்துவிடுவார். கட்டியை உறையவைத்த முயல்களில் ஒன்று நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. அதை மடியில் வைத்து, கண்ணை மூடி, விலாவுக்குக் கீழே கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போவார். தோலில் எங்கே பலவீனம் என்று டேனரியில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"கட்டி கரைஞ்சிட்சும்மா. கை சொல்லுது."

நானும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

சோதனைக்கு வைத்த கெடு முடிந்ததும் அந்த முயலையும் கொன்று அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. உறைந்த இடம் செத்துச் சுருங்கித் தழும்பாகியிருந்தது. பனி எட்டாத ஓரத்தில் மட்டும் கட்டி உயிரோடு இருந்தது, உள்பக்கமாக வளர்ந்துகொண்டு. "ஓரத்தில தப்பிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

அன்று சாயங்காலமே ஆம்பூருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் படுத்திருந்தார்.

"நல்லாத்தானம்மா துன்னுச்சு?"

"ஆமாண்ணா. நல்லாத்தான் துன்னுச்சு."

சட்டையைத் தூக்கி, கண்ணை மூடி, தன் விலாவுக்குக் கீழே கட்டைவிரலை ஓட்டினார். அவருக்கு யாரும் குழாய் செருகவில்லை, எதையும் உறையவைக்கவில்லை.

"எனக்கு கம்மியாய்ட்ட மாதிரி இருக்கு. நீ தொட்டுப் பாரு" என்று என் கையை இழுத்து வைத்தார்.

அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. போன தடவை நான் தொட்டபோது இருந்ததைவிடப் பெரிதாகக் கையில் இடித்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

"ஆமாண்ணா, கம்மிதான்" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அப்புறம் ஏம்மா கையை எடுத்துட்ட?"