இருபத்திரண்டு கட்டை தூரமும் ஒரு டார்ச் பல்பும்

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குத் தோட்டத்துக் கம்பிவேலிக் கதவைத் தாண்டினோம். வண்டியை ஓட்டியது நான்; பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் மனைவியின் தம்பி முனியாண்டி. ஜாசினுக்கு அப்பால் நாலு கட்டை உள்ளே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து மலாக்கா டவுனுக்கு இருபத்திரண்டு கட்டை. கட்டை என்றால் மைல் என்று ஊருக்குப் புதியவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். கோட்டையையும் கடற்கரையையும் பற்றிப் படிக்க வந்தவர்கள் இத்தோடு மூடிவிடலாம். ஒரு மோட்டார் சைக்கிளின் பாட்டரி ஏன் சாகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் போனோம்.

சிரிக்க வேண்டாம். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தின் நான்காவது வருஷம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போனாலும் சரி, பாட்டரி போனாலும் சரி, கொடுத்தவனைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். நான் தோட்டத்து டிரெஸ்ஸர், டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்கிறவன். மூன்று தோட்டங்களுக்கு மருந்துப் பெட்டியோடு போய்வர, யுத்தத்துக்கு முந்திய பழைய வண்டி ஒன்று வைத்திருந்தேன். அதன் வயர்களெல்லாம் உளுத்துப்போகவே, முனியாண்டி ஒரு வாரம் உட்கார்ந்து முழுவதையும் மாற்றிக் கொடுத்தான். அவனுக்கு வேலை பால் ஸ்டோரில். மரத்துப் பாலில் ஆசிட் விட்டு உறைய வைத்து ரப்பர் ஷீட் ஆக்குகிற இடம். வண்டி நிற்பதும் ஸ்டோருக்குப் பின்னால் அவன் வீட்டுக் கொட்டகையில்தான். வயர் மாற்றிய நாளிலிருந்து, பாட்டரிக்கு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் இரண்டே நாள். மூன்றாம் நாள் காலையில் கால் வலிக்க உதைத்தாலும் வண்டி எழும்பாது.

விஷயம் வாசல் காவலில் இருந்த போலீஸ் சார்ஜனின் காதுக்கு எட்டிவிட்டது. வியாழக்கிழமை வந்து, ராத்திரியில் இந்த பாட்டரியை யார் குடிக்கிறார்கள் என்று மலாயில் கேட்டார். காட்டு ரேடியோவுக்கு முனியாண்டி கழற்றிக் கொடுத்துவிட்டு, விடிவதற்குள் திரும்ப மாட்டிவிடுகிறானோ என்பது அவருடைய சந்தேகம். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கதவு சாத்துவதற்குள் சரியான பதில் வராவிட்டால் முனியாண்டியை மேலே, தடுப்புக் காவலுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அப்படி மேலே போன இரண்டு பேரின் வீட்டுப் பெண்கள் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். விசாரிக்கிறேன் என்றுதான் சொன்னேன். என் ஜாமீனில் அவனை டவுனுக்கு அழைத்துப்போக அனுமதி கிடைத்தது.

ஏழே முக்காலுக்கு ஜாசினில் முதல் சோதனை. ஐசியை, அதாவது அடையாளக் கார்டைப் பார்த்தார்கள், மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தார்கள், முனியாண்டியின் வேட்டி மடிப்பைத் தடவி அரிசி இருக்கிறதா என்று பார்த்தார்கள். பெம்பானில் ஆளுக்குப் பத்துக் காசுக்குக் காப்பி. ஒரு பக்கம் ரப்பர் மரங்கள், ஒரு பக்கம் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களின் தென்னைகள். யாரும் பதுங்காமலிருக்க ரோட்டை ஒட்டி ஐம்பது அடிக்குக் காட்டை வெட்டி மொட்டையாக்கியிருந்தார்கள். வெயில் சுள்ளென்று ஏறியது. அவன் வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவன். அன்றைக்கு ஆயர் மோலேக் தாண்டியும் என் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

ஒன்பதரைக்கு மலாக்கா. புங்கா ராயா ரோட்டில் ரஹீம் பாய் சைக்கிள் சாமான் விற்கிறார், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறார், வயரிங்கும் பார்க்கிறார். வழுக்கைத் தலை, காதில் பென்சில், எதற்கும் அவசரப்படாத மனிதர். கதை முழுவதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் முனியாண்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியை நிழலுக்குள் தள்ளினார். சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பாட்டரியிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஒரு சின்ன டார்ச் பல்பைச் சேர்த்தார்.

"எல்லாம் ஆஃப்ல இருக்கு. இப்ப பல்பு எரிஞ்சா, கரண்டு வண்டிக்குள்ளயே எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். எரியலன்னா வண்டி மேல குத்தம் இல்லலா."

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பல்பு எரியவில்லை.

பாய் வயரை அசைத்தார், ஹாண்டிலைத் திருப்பினார், டைனமோவைத் தட்டினார். ஒன்றும் இல்லை. வண்டி மேல் குற்றம் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஒருவன்தான். நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். சார்ஜன் பார்த்த அதே பார்வையாகத்தான் அது இருந்திருக்கும். வாயும் சும்மா இருக்கவில்லை.

"உண்மையச் சொல்லுடா. யாருக்குக் குடுத்த?"

முனியாண்டியின் முகம் சுண்டிப்போய்விட்டது.

பாய்க்கு என்மேல் கோபம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். "டிரெஸ்ஸரே, காய்ச்சல்காரன் வந்தா முதல்ல அவனைத் திட்டுவீங்களா, என்ன சாப்பிட்டான்னு கேப்பீங்களா?" என்றார். பிறகு, வண்டி ராத்திரி எப்படி நிற்கிறது, அதற்கு முன்னால் அதை என்ன செய்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மழையில் நிற்பதில்லை என்றேன். சாயங்காலம் வந்ததும் செம்மண் போகச் சோப்புத் தண்ணீர் விட்டு நானே கழுவுவேன், ஒரு நாளும் தவறியதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

பாய் ஒரு டின்னில் தண்ணீர் கொண்டுவந்து டாங்கிக்கு அடியில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பல்புக்குள் இழை மங்கலாகச் சிவந்தது.

டாங்கியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. வயர் ஒட்டுகளைச் சுற்ற டேப் கிடைக்காமல், முனியாண்டி ஸ்டோரில் உறைந்த பாலையே நாடா நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றியிருந்தான். ரப்பரில் கரண்டு ஓடாது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நானும் அப்படியே செய்யச் சொல்லியிருப்பேன். ஆனால் கழுவிக் காயவைத்துப் புகையில் போடாத பச்சை ரப்பர் அது. உள்ளே ஆசிட் ஈரம் தங்கிச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. வெயிலில் ஓடினால் காய்ந்துவிடும். நான் சாயங்காலம் கழுவினால் ஊறிப்போய் ராத்திரி முழுவதும் கரண்டு வண்டியின் இரும்புக்குள் ஒழுகும். ஒன்றிரண்டு ஒட்டுகளை மட்டும் அப்படியே விட்டுவைக்கச் சொன்னார் பாய், சார்ஜனுக்குக் காட்டவேண்டுமே என்று. மற்றவற்றுக்கு நல்ல டேப் சுற்றினார். கூலியாக இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு மலாயா டாலர் வாங்கிக்கொண்டு அந்தப் பல்பையும் கொடுத்தனுப்பினார்.

திரும்பி வரும்போது செமாபோக்கில் ஒரு லாரிச் சோதனையில் இரண்டு மணி நேரம் போயிற்று. ஐந்தே முக்காலுக்குத்தான் வாசலை அடைந்தோம். சார்ஜன் முன்னால் பல்பைச் சேர்த்தேன், எரியவில்லை. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன், சிவந்தது. அவர் நம்பாமல் ரப்பரைத் தன் கையாலேயே உரித்து எடுத்தார். பல்பு அணைந்தது. உரித்ததை முகர்ந்து பார்த்துவிட்டு, முனியாண்டியின் தோளைத் தட்டிப் போகச் சொன்னார். சந்தேகப்பட்டதற்கு அவர் எடுத்த நேரம் இரண்டு நாள். விடுவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் பழக்கதோஷத்தில் வண்டியைக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். முனியாண்டி முன்னால் வந்து ஹாண்டிலைப் பிடித்து நிறுத்தினான். காலையிலிருந்து என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இனிமே உங்க வண்டிய உங்க வீட்லயே நிறுத்திக்குங்க மச்சான்."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சரி மச்சான் என்று தலையாட்டிவிட்டுப் போனான். நான் பயணம் போகாத இடமில்லை, மலாக்காவுக்கே நூறு தடவையாவது போயிருப்பேன். இவ்வளவு வெட்கத்தோடு ஒரு தடவையும் வீடு திரும்பியதில்லை. முனியாண்டியை முன்பின் தெரியாத பாய் ஒரு டின் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற வரைக்கும் பொறுத்தார். ஒரே வீட்டில் சாப்பிட்டவன் நான் பொறுக்கவில்லை.

பாட்டரி அதன்பிறகு ஒரு நாளும் சாகவில்லை. முனியாண்டி என் வீட்டுக்கு வந்து சாப்பிட ஏழு மாதம் ஆயிற்று.